பக்கத்து வீடுதான் முதல் ஆஸ்பத்திரி!

பேனாவும் ஒரு துண்டுக் காகிதமும் எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்தே ஐந்து கேள்விகள். யாரையும் கேட்காமல் நீங்களே பதில் எழுத வேண்டும்.

1. ராத்திரி இரண்டு மணிக்கு உங்கள் வீட்டில் ஒருவரைப் பாம்பு கடித்துவிட்டது. தெருவில் அந்த நேரத்துக்கு வண்டி எடுத்துக்கொண்டு வரக்கூடியவர் யார்?

2. ஏரியில் குளிக்கப் போன பையன் மூழ்கிவிட்டான். கரையில் தூக்கிப் போட்டதும் அவனுக்கு மூச்சு கொடுக்கத் தெரிந்தவர் யார்?

3. புயலில் மூன்று நாள் கரண்ட் இல்லை. உங்கள் தெருவில் இன்சுலின் போட்டுக்கொள்கிறவர்கள் எத்தனை பேர்?

4. தனியாக இருக்கும் வயதானவர்கள் எத்தனை பேர்? அவர்கள் வீட்டு மாற்றுச் சாவி யாரிடம் இருக்கிறது?

5. உங்கள் தெருவில் ஓ நெகட்டிவ் ரத்தம் யாருக்கு?

மூன்றுக்குப் பதில் எழுத முடிந்ததா? சபாஷ்! ஒன்றுகூட எழுத முடியவில்லையா? கவலை வேண்டாம், பெரும்பாலான வீடுகளில் இதுதான் நிலைமை. டி.வி. சீரியலில் வருகிற மருமகளின் நாத்தனார் பேர்கூட நமக்குத் தெரியும். பின்வீட்டு அக்காவுக்கு ஆஸ்துமா என்பது தெரியாது!

'நம்ம தெருவுல எல்லாரும் நல்லவங்கதான். ஒண்ணுன்னா ஓடி வருவாங்க' என்கிறீர்களா? வருவார்கள். ஆனால் ஓடி வந்தபிறகு என்ன செய்வது என்று தெரியாமல் சுற்றி நின்று கூட்டம் போட்டால்? நல்ல மனசு ஏற்கெனவே இருக்கிறது. அதற்கு ஒரு முறை வேண்டும், ஒரு கணக்கு வேண்டும். இதைச் சொல்லிக்கொடுக்க வெளியூரிலிருந்து யாரும் வர வேண்டாம். காஞ்சிபுரத்திலிருந்து சுமார் 30 கிலோமீட்டரில் இருக்கிற உத்திரமேரூரில், ஆயிரம் வருஷத்துக்கு முன்பே கல்லில் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

கல்லில் எழுதின பாடம்

உத்திரமேரூர் என்றதும் நம் எல்லோருக்கும் பள்ளிக்கூடத்தில் படித்த குடவோலை ஞாபகம் வரும். வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபச் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள். கி.பி. 919-லும் 921-லும் பொறிக்கப்பட்டவை. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்தார்கள். குடும்பு என்றால் இன்றைய வார்டு மாதிரி. தகுதி உள்ளவர்கள் பெயரை ஓலையில் எழுதி, குடத்தில் போட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள்.

தேர்தல் நடந்த விதம் எல்லோருக்கும் தெரியும். எதற்காகத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதை நாம் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. ஏரி வாரியத்துக்கு 6 பேர். தோட்ட வாரியத்துக்கு 12 பேர். ஆண்டு நிர்வாகத்தைப் பார்க்கும் சம்வத்சர வாரியத்துக்கு 12 பேர். பொன்னின் தரம் பார்க்கத் தனி வாரியம். அதாவது, தண்ணீர், தோட்டம், பணம் என்று எல்லோருக்கும் பொதுவான ஒவ்வொன்றையும் இன்னார்தான் பார்க்க வேண்டும் என்று பெயர் சொல்லி ஒப்படைத்துவிட்டார்கள். 'யாராவது பாத்துப்பாங்க' என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை!

பதவிக்காலம் 360 நாள். கடந்த மூன்று வருஷத்துக்குள் வாரியத்தில் இருந்தவர் பெயரைக் குடத்தில் போடக் கூடாது. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவரா? அவருக்கும் இல்லை, அவருடைய நெருங்கிய உறவினர்களுக்கும் இல்லை! ஊர்ப் பொறுப்பு ஒரே வீட்டில் தங்கிவிடக் கூடாது, கணக்கு இருட்டில் இருக்கக் கூடாது என்று எத்தனை யோசித்திருக்கிறார்கள் பாருங்கள்.

அவர்கள் காத்த ஏரியின் பழைய பெயர் வைரமேக தடாகம். பல்லவ மன்னன் தந்திவர்மனுக்கு வைரமேகன் என்று ஒரு பட்டப்பெயர். அதையே ஏரிக்கு வைத்தார்கள். ஏரி கரை உடைந்தால் ஏழை வயலும் போகும், பணக்காரர் வயலும் போகும். அதனால்தான் தமிழ்நாட்டுக் கிராமங்களில் குடிமராமத்து என்ற வழக்கமே இருந்தது. வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு வந்து, கரையைப் பலப்படுத்தி, வாய்க்காலைத் தூர்வார வேண்டும். இந்த வழக்கம் தேய ஆரம்பித்தபோது, வெள்ளைக்கார அரசாங்கம் 1858-ல் கட்டாயச் சட்டம் ஒன்று போட்டுப் பார்த்தது. வழக்கம் தேய்ந்ததுதான் மிச்சம். அண்டை வீட்டார் ஒத்துழைப்பைச் சட்டம் போட்டு வாங்க முடியாது. அது தினசரிப் பழக்கத்தில் வளர வேண்டிய விஷயம்.

ஒரு குறையையும் சொல்லத்தான் வேண்டும். அந்தச் சபையில் உறுப்பினராக நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் படித்திருக்க வேண்டும். நிலம் இல்லாதவர்களுக்கு இடமில்லை. பெண்களுக்கும் இல்லை. நாம் அவர்களிடம் முறையை எடுத்துக்கொள்வோம், அந்த வேலியை எடுத்துக்கொள்ள வேண்டாம். ஏன் என்று கொஞ்ச நேரத்தில் உங்களுக்கே புரியும்.

15 படுக்கை, ஆளுக்கு ஒரு வேலை

உத்திரமேரூர்ப் பக்கத்திலேயே இன்னொரு கல்வெட்டும் இருக்கிறது. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற திருமுக்கூடலில், பெருமாள் கோயில் சுவரில். 11-ம் நூற்றாண்டில் வீரராஜேந்திர சோழன் காலத்தில் பொறித்தது. ஓர் ஆஸ்பத்திரியின் முழு விவரமும் அதில் இருக்கிறது. பெயர், வீரசோழன் ஆதுலர் சாலை.

அதில் 15 படுக்கை. கோயில் ஊழியர்களுக்கும் அங்கே தங்கிப் படித்த மாணவர்களுக்கும் வைத்தியம். யார் யார் வேலை பார்த்தார்கள் தெரியுமா? ஒரு வைத்தியர். அறுவை சிகிச்சைக்கு ஒருவர். மூலிகை பறித்து, விறகு கொண்டுவந்து மருந்து செய்ய இரண்டு பேர். நோயாளிகளைக் கவனிக்க இரண்டு பெண்கள். ஒரு நாவிதர். தண்ணீர் கொண்டுவர ஓர் ஆள். ராத்திரி எரிய விளக்குக்கு எண்ணெய். வருஷம் முழுக்க இருப்பில் இருக்க வேண்டிய மருந்துகளின் பட்டியல் வேறு!

கவனித்தீர்களா? தண்ணீர் தூக்குகிறவரும் அந்தப் பட்டியலில் இருக்கிறார். அறுவை செய்கிறவரும் இருக்கிறார். ஒருவர் இல்லாவிட்டால் மற்றவர் வேலை ஓடாது. உங்கள் தெருவும் அப்படித்தான். ரிட்டயர் ஆன நர்ஸம்மா ஒரு வீட்டில். டிராக்டர் ஓட்டுகிற தம்பி ஒரு வீட்டில். மரம் ஏறத் தெரிந்தவர், மோட்டார் ரிப்பேர் தெரிந்தவர், நன்றாக நீச்சல் தெரிந்தவர், பிரசவம் ஆன வீட்டில் குழந்தையைக் குளிப்பாட்டத் தெரிந்த பாட்டி... எல்லோரும் இருக்கிறார்கள். பட்டியல்தான் இல்லை.

முதல் பத்து நிமிஷம் யாருடையது?

'அதான் 108 இருக்கே?' என்று கேட்பீர்கள். இருக்கிறது. 2008-ல் தமிழ்நாட்டில் தொடங்கியதிலிருந்து எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றிய சேவை. எதற்கும் முதலில் 108-ஐக் கூப்பிடுங்கள். ஆனால் இதயம் நின்றுபோனால், நாலைந்து நிமிஷத்திலேயே மூளை பாதிக்கப்பட ஆரம்பித்துவிடும். ஆம்புலன்ஸ் எவ்வளவு வேகமாக வந்தாலும், உள்ளடங்கிய கிராமத்துக்கு நாலு நிமிஷத்தில் வந்து சேர முடியுமா? அந்த நாலு நிமிஷம் பக்கத்து வீட்டுக்காரருடையது.

ஜப்பானின் கோபே நகரில் 1995 ஜனவரி 17-ம் தேதி விடியற்காலை பூகம்பம் வந்தது. 6,000-க்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். இடிபாடுகளிலிருந்து உயிரோடு மீட்கப்பட்டவர்களில் பெரும்பாலோரை வெளியே இழுத்தது தீயணைப்புப் படையோ ராணுவமோ அல்ல. குடும்பத்தாரும் அக்கம்பக்கத்தாரும்தான்! எந்த வீட்டில் யார் எந்த அறையில் படுப்பார்கள் என்பது அவர்களுக்குத்தானே தெரியும்?

அவ்வளவு தூரம் போவானேன்? 2015 டிசம்பரில் சென்னையும் காஞ்சிபுரம் மாவட்டமும் தண்ணீரில் மிதந்தபோது, கடலோர மீனவர்கள் தங்கள் படகுகளைக் கொண்டுவந்து தெருத்தெருவாக ஓட்டினார்கள். படகும் அவர்களுடையது, அதை ஓட்டும் கையும் அவர்களுடையது. அந்த நாளில் பேங்க் பாஸ்புக்கால் என்ன பிரயோஜனம்?

ஆபத்து நேரத்துக்கு மட்டும்தான் அண்டை வீடு என்று நினைக்காதீர்கள். 148 ஆய்வுகள், 3 லட்சத்துக்கும் அதிகமானவர்கள்... இத்தனையையும் ஒன்றாகத் தொகுத்துப் பார்த்த ஓர் ஆராய்ச்சி 2010-ல் வெளியானது. நல்ல உறவுகளோடு வாழ்கிறவர்கள் உயிரோடு நீடிக்கும் வாய்ப்பு, ஒட்டுறவு இல்லாதவர்களைவிட 50 சதவிகிதம் அதிகம் என்றது. வாசலில் நின்று பேசுகிற பத்து நிமிஷமும் ஒரு டானிக்தான்!

தெருவுக்குத் தெரிய வேண்டிய நான்கு கைவேலை

எல்லோரும் எல்லாம் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை. ஒவ்வொன்றுக்கும் தெருவில் இரண்டு பேராவது இருக்க வேண்டும். ஒருவர் ஊருக்குப் போனாலும் இன்னொருவர் இருப்பார்.

பாம்புக்கடி: வயலும் ஏரியும் சூழ்ந்த பகுதி இது. இதுதான் முதல் பாடம். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் சுமார் 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்திருக்கலாம் என்று 2020-ல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. அதில் பெரும்பாலோர் கிராமத்து மக்கள். கடிபட்டவரை நடக்க விடாதீர்கள், ஓட விடாதீர்கள். தைரியம் சொல்லுங்கள். மோதிரம், மெட்டி, கொலுசு, வளையல் எல்லாவற்றையும் உடனே கழற்றுங்கள். வீங்கிவிட்டால் கழற்ற முடியாது. கடிபட்ட கை அல்லது காலை, எலும்பு முறிந்தால் கட்டுவதுபோல் ஒரு குச்சி வைத்து ஆடாமல் கட்டி, நேராக ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். இறுக்கக் கயிறு கட்டுவது, பிளேடால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது, பச்சிலை வைத்துக் காத்திருப்பது... ம்ஹூம், எதுவும் கூடாது. பாம்பைத் தேடி அடித்துக்கொண்டு வரவும் வேண்டாம். கட்டுவிரியன் ராத்திரியில் தரையில் படுத்திருப்பவரைக் கடித்தால் வலியே தெரியாமல் போகலாம். விடியற்காலையில் வயிற்று வலி, கண் இமை தொங்குவது, பேச்சுக் குழறுவது என்று வந்தால் உடனே சந்தேகப்பட வேண்டும்.

விஷமுறிவு ஊசி எங்கிருந்து வருகிறது தெரியுமா? மாமல்லபுரம் பக்கத்தில் வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. முன்பு காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்த ஊர், 2019-லிருந்து செங்கல்பட்டு மாவட்டம். 1970-களில் பாம்புத் தோல் வியாபாரம் தடை செய்யப்பட்டபோது இருளர்களின் பிழைப்பு நின்றுபோனது. 1978-ல் சங்கம் ஆரம்பித்தார்கள். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்கையும் பிடித்து, விஷம் எடுத்து, பாம்பைத் திரும்பக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். மருந்துக் கம்பெனிகள் அந்த விஷத்தை வைத்துத்தான் மருந்து செய்கின்றன. இந்தச் சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. ஊர் ஒதுக்கி வைத்திருந்த மக்களின் அறிவு, ஊரையே காப்பாற்றுகிறது. பழைய வேலி வேண்டாம் என்று சொன்னது இதற்காகத்தான்.

நீரில் மூழ்கல்: நீச்சல் தெரியாதவர் குதிக்கவே கூடாது. ஒன்று போய் இரண்டாகிவிடும். கயிறு, மூங்கில் கழி, முடிச்சுப்போட்ட புடவை, மூடி இறுக்கிய காலி கேன், எது கிடைத்தாலும் எறியுங்கள். வெளியே எடுத்ததும் வயிற்றை அமுக்குவது, காலைப் பிடித்துத் தலைகீழாகச் சுற்றுவது எல்லாம் நேரத்தைத்தான் வீணாக்கும். மூச்சு இல்லையென்றால் மல்லாக்கப் படுக்க வைத்து, தலையைப் பின்னால் சாய்த்து, மூக்கை மூடி, வாயோடு வாய் வைத்து 2 முறை ஊதுங்கள். பிறகு மார்பின் நடுவில் 30 அழுத்தம், 2 ஊதல் என்று மாறி மாறி. பெரியவர்களுக்கு 5 செ.மீ. ஆழம், நிமிஷத்துக்கு 100 முதல் 120 அழுத்தம். ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தக் கூடாது. ஒருவர் களைத்தால் அடுத்தவர் தொடர வேண்டும். அதற்கும் இரண்டு பேர் தேவை, பார்த்தீர்களா? இதைப் படித்தால் மட்டும் போதாது. பயிற்சி பெற்றவரை வரவழைத்து, பொம்மையில் செய்து பழகுங்கள்.

வயிற்றுப்போக்கு: மழைக்காலத்தில் குழந்தைகளை வாட்டுவது இதுதான். ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இருந்தால் நல்லது. இல்லையென்றால் காய்ச்சி ஆறவைத்த 1 லிட்டர் தண்ணீரில், தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பு ஒரு துளியும் கூடக் கூடாது. குழந்தை சோர்ந்து, கண் உள்ளே போய், குடிக்க மறுத்தால் அடுத்த நிமிஷமே ஆஸ்பத்திரி.

கிணற்றுக்குக் குளோரின்: இது கணக்குத் தெரிந்த பிள்ளைகளுக்கான வேலை. 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் பிளீச்சிங் பவுடர். வட்டக்கிணறு 3 மீட்டர் அகலம், தண்ணீர் 4 மீட்டர் ஆழம் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றரையை ஒன்றரையால் பெருக்கி, 3.14-ஆலும் 4-ஆலும் பெருக்கினால் சுமார் 28 கன மீட்டர், அதாவது 28,000 லிட்டர். 70 கிராம் போதும். வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் மேலே தெளிந்த நீரை மட்டும் கிணற்றில் விட்டுக் கலக்குங்கள். குறைந்தது ஒரு மணி நேரம் கழித்துத்தான் இறைக்க வேண்டும். ராத்திரி போட்டுவிட்டுக் காலையில் இறைப்பது இன்னும் நல்லது. வெள்ளம் புகுந்த கிணறாக இருந்தால் அளவு மாறும். சுகாதார ஆய்வாளரைக் கேட்டுச் செய்யுங்கள்.

பரணில் தூங்கும் பொருட்கள்

தாத்தா போய் நாலு வருஷம் ஆச்சு. அவர் உபயோகித்த வீல் சேர் பரண்மேல் இருக்கிறது. வாக்கர் கொல்லையில் துருப்பிடிக்கிறது. அதே தெருவில் கால் முறிந்த ஒருவர் வாடகைக்கு வீல் சேர் தேடிக் காஞ்சிபுரத்துக்கு ஆள் அனுப்புகிறார்! எத்தனை வீட்டில் இந்தக் கதை?

தெருவுக்கு ஒரு பொதுப் பட்டியல் போடுங்கள். வீல் சேர், வாக்கர், படுக்கையிலேயே மலம் கழிக்க உதவும் பெட் பான், படுக்கைப்புண் வராமல் தடுக்கும் ஏர் பெட், பிரஷர் பார்க்கும் மெஷின், தெர்மாமீட்டர், ஏணி, நீளக் கயிறு, கடப்பாரை, தார்ப்பாய், பெரிய அண்டா, சார்ஜ் ஏற்றும் விளக்கு, இன்வெர்ட்டர் உள்ள வீடு, கை பம்ப் உள்ள வீடு. பொருள் அவரவர் வீட்டிலேயே இருக்கட்டும். எங்கே இருக்கிறது என்பது மட்டும் தெரிந்தால் போதும்.

இன்சுலினுக்கு ஒரு யோசனை. கரண்ட் போனால் இன்வெர்ட்டர் உள்ள வீட்டு ஃபிரிட்ஜில் பெயர் எழுதி வைக்கலாம். ஃப்ரீஸரில் வைக்கவே கூடாது, உறைந்தால் வீண். ஃபிரிட்ஜே இல்லையென்றால், பெரிய மண்சட்டிக்குள் சின்ன மண்சட்டி, நடுவில் ஈர மணல், மேலே ஈரத்துணி. இன்சுலினை நனையாமல் ஒரு டப்பாவில் போட்டு உள்ளே வையுங்கள்.

ஆனால்... பகிர்ந்துகொள்ளக் கூடாதவையும் உண்டு. 'எனக்கு இந்த மாத்திரை நல்லா கேட்டுச்சு, நீயும் போட்டுக்கோ அக்கா' என்ற உபகாரம் வேண்டவே வேண்டாம். ஆன்டிபயாட்டிக், பிரஷர் மாத்திரை, தூக்க மாத்திரை எதுவும் கைமாறக் கூடாது. சர்க்கரை பார்க்கும் மெஷினில் குத்தும் ஊசி, அதை மாட்டும் பேனா, இன்சுலின் பேனா, இன்ஹேலர் எல்லாம் ஆளுக்கு ஒன்று. ஊசியைப் பகிர்ந்தால் ஹெபடைடிஸ் பி போன்ற நோய்கள் பரவும். நெபுலைசர் மெஷினைக் கொடுக்கலாம். மாஸ்க்கும் மருந்துக் கிண்ணமும் தனித்தனியாக இருக்க வேண்டும்.

வாரத்துக்கு இரண்டு மணி நேரம்

படுத்த படுக்கையாக இருக்கும் ஒருவரைப் பார்த்துக்கொள்வது, வீட்டுப் பெண்களின் முதுகையும் மனசையும் ஒடித்துவிடுகிற வேலை. புற்றுநோய், பக்கவாதம் என்றால் மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் நீளும். இதற்கு அண்டை வீட்டார் என்ன செய்ய முடியும்?

கேரளாவின் மலப்புரம் பகுதியில் சுமார் 2000-த்திலிருந்து செய்து காட்டியிருக்கிறார்கள். அக்கம்பக்கத்தாரே சேர்ந்த வலி தணிப்புச் சிகிச்சைக் குழுக்கள். வாரத்துக்கு இரண்டு மணி நேரம் கொடுக்க முடியுமா என்றுதான் தொண்டர்களைக் கேட்டார்கள். பயிற்சி கொடுத்தார்கள். மாணவர்கள், கடைக்காரர்கள், குடும்பப் பெண்கள் எல்லோரும் வந்தார்கள். செலவுக்குச் சின்னச் சின்ன நன்கொடைகள். டாக்டரும் நர்ஸும் வைத்தியம் பார்ப்பார்கள். நோயாளியைத் திருப்பிப் படுக்க வைப்பது, புண் துடைப்பது, பேச்சுத் துணையாக இருப்பது, அந்த வீட்டுப் பிள்ளைகளின் படிப்பைக் கவனிப்பது எல்லாம் அண்டை வீட்டார் பொறுப்பு. கேரள அரசு 2008-ல் இதற்கென்று கொள்கையே வகுத்தது.

நம் தமிழ்நாட்டிலும் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரை, உடற்பயிற்சிச் சிகிச்சை எல்லாம் வீட்டுக்கே வருகின்றன. ஊழியர் வந்து போகிற நாள் போக மற்ற நாட்களுக்கு? படுக்கையில் இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் போடாவிட்டால் படுக்கைப்புண் வந்துவிடும். மத்தியானம் ஒரு முறை நீங்கள் போய் நின்றால், அந்த வீட்டு அம்மா அரைமணி நேரம் கண் அசருவார். அதைவிடப் பெரிய உதவி ஏது?

நாலு மாசத்தில் பிசுபிசுத்துப் போகாமல் இருக்க...

இப்படிக் குழுக்கள் ஆரம்பிப்பது சுலபம். முதல் கூட்டத்துக்கு சுண்டல், காபி, ஜே ஜே என்று கூட்டம். நாலாவது மாசம் இரண்டே பேர். 'எல்லாம் என் தலையிலேயே விழுது' என்று ஒருவர் அலுத்துக்கொள்வார். 'காசு என்ன ஆச்சுன்னே தெரியல' என்று இன்னொருவர் முணுமுணுப்பார். மருந்து அந்தக் கல்வெட்டிலேயே இருக்கிறது.

பெயர் சொல்லி ஒப்படையுங்கள். 'கயிறும் ஏணியும் இன்னார் பொறுப்பு' என்று எழுதுங்கள். எல்லோருக்கும் பொறுப்பு என்றால் யாருக்கும் பொறுப்பில்லை என்றுதான் அர்த்தம்.

சுழற்சி வையுங்கள். வருஷம் முடிந்ததும் ஆள் மாறட்டும். சீட்டு எழுதிக் குலுக்கிப் போடுங்கள், ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்லுங்கள். உத்திரமேரூர்க்காரர்களுக்குச் சொல்லியா தர வேண்டும்?

கணக்கு வாசியுங்கள். வீட்டுக்கு மாசம் 50 ரூபாய் என்று வைத்தாலும், முதல் ஞாயிற்றுக்கிழமை எல்லோர் முன்னாலும் சத்தமாக வாசிக்க வேண்டும். மகளிர் சுய உதவிக் குழுக்கள் 1989-ல் தர்மபுரியில் அரசுத் திட்டமாகத் தொடங்கி மாநிலம் முழுக்கப் பரவியதற்கு, வாரக் கூட்டமும் கணக்கு நோட்டும்தான் முதுகெலும்பு. உங்கள் தெருவில் அப்படி ஒரு குழு இருந்தால் அதிலிருந்தே ஆரம்பிக்கலாம்.

ரகசியம் காப்பாற்றுங்கள். யாருக்கு என்ன வியாதி என்பது திண்ணைப் பேச்சு ஆகிவிடக் கூடாது. சம்மதம் கேட்டு எழுதுங்கள். அந்த நோட்டு இரண்டு பேரிடம் மட்டும் இருக்கட்டும். வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டாம். மேலும், புயலில் டவர் விழுந்தால் வாட்ஸ்அப் ஏது? நோட்டுதான் நிற்கும்.

யாரையும் விடாதீர்கள். வாடகைக்குக் குடியிருப்பவர், காலனிப் பக்கம் இருப்பவர், செங்கல் சூளைக்கு வந்து தங்கியிருக்கும் குடும்பம்... எல்லோரும் பட்டியலில் வர வேண்டும். வாங்க மட்டும் இல்லை, கொடுக்கவும்தான். 'அவங்க என்ன கொடுக்கப் போறாங்க' என்று நினைக்கிற வீட்டில்தான் ஏரியின் ஆழமும் பாம்பின் தடமும் தெரிந்தவர் இருப்பார்.

இன்னொரு பயமும் உண்டு. 'ரோட்டில் அடிபட்டவரைத் தூக்கினால் போலீஸ் கேஸ் ஆகுமே?' 2016-ல் சுப்ரீம் கோர்ட் ஏற்ற விதிமுறைகளும், 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டமும் உதவி செய்கிறவருக்குப் பாதுகாப்பு தருகின்றன. ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டுப் பெயர் சொல்லாமல்கூட நீங்கள் வரலாம்.

இந்த மாசமே ஆரம்பியுங்கள்

முதல் வாரம்: உங்கள் வீட்டுக்கு இந்தப் பக்கம் ஐந்து, அந்தப் பக்கம் ஐந்து, எதிரே பத்து. இருபது வீடு போதும். வீடு வீடாகப் போய் இரண்டே கேள்வி கேளுங்கள். 'உங்களுக்கு என்ன தெரியும்? உங்களுக்கு என்ன தேவைப்படும்?'

இரண்டாவது வாரம்: நோட்டுப் போடுங்கள். ரத்த வகை, வண்டி ஓட்டத் தெரிந்தவர், தனியாக இருப்பவர், மாற்றுச் சாவி, கர்ப்பிணிகள், பரண் சாமான். ரத்தம் கொடுக்க வயது 18 முதல் 65, எடை குறைந்தது 45 கிலோ. ஆண்கள் 3 மாதத்துக்கு ஒருமுறை, பெண்கள் 4 மாதத்துக்கு ஒருமுறை கொடுக்கலாம்.

மூன்றாவது வாரம்: கிராம சுகாதார செவிலியரைக் கூப்பிட்டு ஒரு மணி நேர வகுப்பு. பக்கத்தில் எந்த ஆஸ்பத்திரியில் விஷமுறிவு ஊசி இருக்கிறது என்று விசாரித்து எழுதிக்கொள்ளுங்கள்.

நான்காவது வாரம்: ஒத்திகை. சும்மா ஒரு சாயங்காலம் விசில் ஊதுங்கள். கயிறு வர எத்தனை நிமிஷம், வண்டி வர எத்தனை நிமிஷம்? கடிகாரத்தைப் பாருங்கள். பிள்ளைகளுக்கு விளையாட்டு, உங்களுக்குப் பாடம்.

வாசல் கதவின் உள்பக்கம் ஒரு தாளில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். ஆம்புலன்ஸ் 108, மருத்துவ ஆலோசனை 104, முதியோர் உதவி 14567. அதற்கும் மேலே, முதல் வரியில், பக்கத்து வீட்டு நம்பர்!